ஆறு கோடி மோதல்கள், இரண்டு ஜிபி: ஒரு ரூட் கோப்பின் உள்ளே

ஜெனீவாவில் உள்ள செர்ன் துகள் இயற்பியல் ஆய்வகத்தின் திறந்த தரவுத் தளத்தில் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளக்கூடிய கோப்பு ஒன்று இருக்கிறது. 2012-இல் சிஎம்எஸ் உணர்கருவி பதிவு செய்த புரோட்டான் மோதல்களிலிருந்து மியூவான் என்ற, எலக்ட்ரானைப் போன்ற ஆனால் அதைவிடக் கனமான துகளைப் பற்றிய விவரங்களை மட்டும் எடுத்து வைத்த கோப்பு அது. உள்ளே ஏறக்குறைய 6 கோடியே 15 லட்சம் மோதல்கள். கோப்பின் அளவோ 2 ஜிபிக்குக் கொஞ்சம் மேல்தான். வகுத்துப் பார்த்தால் ஒரு மோதலுக்குச் சுமார் 35 பைட். ‘மியூவான்’ என்ற சொல்லைத் தமிழில் எழுதிச் சேமித்தாலே 24 பைட் போய்விடும்!

இந்தக் கோப்பின் பெயரில் ‘பார்க்டு’ என்று ஒரு சொல் வரும். பதிவான வேகத்துக்கு உடனடியாக அலசக் கணினிகள் போதாமல், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைத்த தரவு என்பது அதன் பொருள். அப்படிக் காத்துக் கிடந்த தரவைத்தான் இன்று சாதாரண மடிக்கணினியில் திறந்து, இரண்டு மியூவான்களைச் சேர்த்து அவை பிறந்த துகளின் நிறையைக் கணக்கிட்டு, ஜே-சை, அப்சிலான், இசட் போசான் ஆகிய துகள்கள் வரைபடத்தில் முகடு முகடாக எழுவதைப் பார்க்க முடிகிறது. 91 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் (துகள்களின் நிறையைச் சொல்லும் அலகு) அருகே இசட் முகடு எழும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் சிலிர்ப்புதான். அதன் இயற்பியல் வேறு கதை. இந்தக் கோப்பு ரூட் என்ற மென்பொருளின் வடிவத்தில் எழுதிய ஓர் அட்டவணை. அந்த அட்டவணை வட்டில் எப்படி அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது என்பதே இந்த ஆய்வின் பொருள்.

குறிப்பேடும் பேரேடும்

கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். குறிப்பேட்டில் நடந்ததை நடந்த வரிசையில் எழுதுவோம். பேரேட்டில் அதையே கணக்கு வாரியாகப் பிரித்து எழுதுவோம். ‘வாடகைக்கு இந்த வருடம் எவ்வளவு போனது?’ என்று கேட்டால் குறிப்பேடு முழுவதையும் புரட்ட வேண்டும். பேரேட்டில் வாடகைப் பக்கம் ஒன்று போதும்.

அட்டவணையை வட்டில் எழுதுவதிலும் இதே இரண்டு வழிகள். ஒரு வரிசையின் எல்லா மதிப்புகளையும் எழுதிவிட்டு அடுத்த வரிசைக்குப் போகலாம். அல்லது ஒரு பத்தியின் எல்லா மதிப்புகளையும் சேர்த்து எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போகலாம். துகள் இயற்பியலாளர்கள் இரண்டையும் நெடுநாள் பயன்படுத்திப் பார்த்தவர்கள். செர்னில் ரெனே புருன் உருவாக்கிய ஹெச்புக், பா ஆகிய மென்பொருள்களில் ‘என்டியூப்பிள்’ என்ற அட்டவணை முதலில் வரிசை வாரியாகத்தான் இருந்தது. எல்லா மதிப்பும் தசம எண்ணாகவே இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு வேறு. பத்தி வாரியான வடிவம் அப்புறம்தான் வந்தது. முழு எண்களையும் பிட் கணக்கில் இறுக்கி வைக்க அது இடம் கொடுத்தது.

1995-இல் ரெனே புருனும் ஃபோன்ஸ் ராடமேக்கர்ஸும் ரூட் என்ற புதிய மென்பொருளைத் தொடங்கினார்கள். அப்போது அவர்கள் இருந்தது என்ஏ49 என்ற பரிசோதனையில். தரவு எடுக்கும் ஒரு ஓட்டத்துக்குச் சுமார் 10 டெராபைட். 1995-இன் வட்டுகளை நினைத்துப் பார்த்தால் அது மலைக்க வைக்கும் அளவு.

அன்றைக்கு செர்னின் அதிகாரபூர்வப் பாதை வேறு. எல்எச்சி என்ற, புரோட்டான்களை மோதவிடும் பெரிய முடுக்கியின் தரவை ஒரு வணிக நிறுவனத்தின் பொருள்சார் தரவுத்தளத்தில் வைப்பதுதான் திட்டம். காகிதத்தில் அது அழகான யோசனை: மோதல் ஒரு பொருள், அதற்குள் தடங்கள் பொருள்கள், எல்லாம் ஒன்றையொன்று சுட்டும், நிர்வாகத்தைத் தரவுத்தளம் பார்த்துக்கொள்ளும். ரூட் குழு எதிர்த்திசையில் போனது. சாதாரணக் கோப்பு, அதற்குள் பத்தி பத்தியாக அடுக்கு, ஒரு தடவை எழுது, பல தடவை படி. 1998-இல் அமெரிக்காவின் ஃபெர்மிலேப் ரூட்டைத் தேர்ந்தெடுத்தது. ஸ்டான்ஃபோர்டில் நடந்த பாபார் பரிசோதனை தரவுத்தள வழியில் வெகுதூரம் போய்விட்டு, பிறகு ரூட் கோப்புகளுக்குத் திரும்பியது. 2000-களின் தொடக்கத்தில் எல்எச்சி பரிசோதனைகளும் மோதல் தரவுக்கு ரூட் கோப்பு என்று முடிவு செய்தன.

ஏன் கோப்பு வென்றது? என் கணிப்பு இது. பதிவான மோதலை யாரும் திருத்தப் போவதில்லை. தரவுத்தளம் விற்பதில் பாதி, பலர் ஒரே நேரத்தில் திருத்தினாலும் குழம்பாது என்ற உத்தரவாதம். திருத்தமே இல்லாத இடத்தில் அந்த உத்தரவாதத்துக்கு விலை கொடுப்பது வீண். கோப்பு என்றால் எடுத்துக்கொண்டு போகலாம், உலகின் எந்த மூலைக்கும் படி அனுப்பலாம், நாடாவில் போட்டு வைக்கலாம்.

ஆறு பத்திகள்

நம் கோப்புக்கு வருவோம். அதில் இருப்பவை ஆறே பத்திகள்: மியூவான்களின் எண்ணிக்கை, ஒவ்வொரு மியூவானின் குறுக்கு உந்தம் (புரோட்டான் கற்றைக்குக் குறுக்கான திசையில் உள்ள உந்தம்), ஈட்டா, ஃபை என்ற இரண்டு கோண அளவுகள், நிறை, மின்னூட்டம். ஒவ்வொரு மதிப்புக்கும் 4 பைட்.

சிக்கல் எங்கே என்றால், இது சதுரமான அட்டவணை இல்லை. முதல் நான்கு மோதல்களின் குறுக்கு உந்தத்தைப் பாருங்கள்: முதலாவதில் 10.8, 15.7, இரண்டாவதில் 10.5, 16.3, மூன்றாவதில் 3.28 மட்டும், நான்காவதில் 11.4, 17.6, 9.62, 3.5. இரண்டு, இரண்டு, ஒன்று, நான்கு. காற்புள்ளியால் பிரித்து எழுதும் சிஎஸ்வி கோப்பாக்க வேண்டுமானால் ‘மியூவான் 1’, ‘மியூவான் 2’ என்று வெற்றுக் கட்டங்களோடு பத்திகளை நீட்ட வேண்டும், அல்லது மோதல் எண்ணை ஒவ்வொரு வரியிலும் திரும்பத் திரும்ப எழுத வேண்டும். போதாததற்கு 10.763697 என்பதை எழுத்தாக எழுத 9 பைட், காற்புள்ளிக்கு ஒன்று. எண்ணாக வைத்தால் 4 பைட்டோடு முடிந்தது.

மோதலுக்குச் சராசரியாக இரண்டு மியூவான் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். எண்ணிக்கைக்கு 4 பைட், மியூவானுக்கு 20 வீதம் 40. மொத்தம் 44 பைட். சுருக்காமல் எழுதினால் 270 கோடி பைட், அதாவது 2.7 ஜிபி. ‘எத்தனை மோதல்களில் இரண்டு மியூவான்?’ என்பது மட்டும் தெரிய வேண்டுமானால் 4 பைட் பத்தி ஒன்றே போதும்: 246 எம்பி. வரிசை வாரியாக அடுக்கியிருந்தால் அந்த 246 எம்பிக்காக 2.7 ஜிபியையும் இழுக்க வேண்டும். பதினோரு மடங்கு. சிஎம்எஸ்ஸின் வழக்கமான, நானோஏஓடி என்ற சுருக்கமான ஆய்வுக் கோப்புகளில் ஆயிரத்துக்கும் மேல் பத்திகள் உண்டு. ஒரு ஆய்வுக்குத் தேவைப்படுவது சில பத்துகள். அங்கே இந்த மடங்கு எங்கே போய் நிற்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, சுருக்கம். ஒரே வகை மதிப்புகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் சுருக்கும் நிரலுக்குக் கொண்டாட்டம். நிறை என்ற பத்தியை எடுங்கள். மியூவானின் நிறை மாறாது: 0.10566 ஜிகா எலக்ட்ரான் வோல்ட். சுமார் 12 கோடி முறை அதே நான்கு பைட். சுருக்காமல் வைத்தால் கிட்டத்தட்ட 490 எம்பி. பத்தியாக வைத்துச் சுருக்கினால் அது ஏறக்குறைய மறைந்தே போகும். அதே எண்ணை உந்தத்துக்கும் மின்னூட்டத்துக்கும் நடுவில் செருகி வைத்தால், ஒவ்வொரு தடவையும் அது முந்தையதன் மறுபதிப்பு என்று சுருக்கும் நிரல் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். எண்ணிக்கைப் பத்தியிலும் சிறிய முழு எண்கள்தான். நான்கு பைட்டில் மூன்று எப்போதும் பூஜ்யம்.

கூடைக் கணக்கு

ரூட்டின் டிட்ரீ வடிவத்தில் அட்டவணை என்பது மரம். பத்தி என்பது கிளை, கிளைக்குள் இலை. கிளையில் விழும் மதிப்புகள் ஒரு கூடையில் சேரும். கூடை நிறைந்ததும் அதைச் சுருக்கி வட்டில் எழுதுவார்கள். பெயர்கள் அழகுக்காக வைத்தது போலத் தோன்றினாலும், வேகத்தைத் தீர்மானிப்பது இந்தக் கூடைதான்.

கூடையின் இயல்பான அளவு 32,000 பைட். 4 பைட் பத்தியில் 8,000 மதிப்புகள். கூடையைப் பாதி விரிக்க முடியாது. 8,000 மோதல்களில் ஒரே ஒரு மோதல்தான் உங்களுக்குத் தேவை என்றாலும் கூடை முழுவதும் விரிய வேண்டும். ‘இரண்டு மியூவான் உள்ளவற்றை மட்டும் படி’ என்று வடிகட்டினால் படிக்கும் அளவும் அதே விகிதத்தில் குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். வேண்டியவை எல்லாக் கூடைகளிலும் சிதறிக் கிடந்தால் ஒரு பைட்கூடக் குறையாது.

கூடையைப் பெரிதாக்கிவிடலாமே என்றால் அதிலும் இடிக்கும். எழுதும்போது எல்லாக் கிளைகளின் கூடைகளும் ஒரே நேரத்தில் நினைவகத்தில் திறந்திருக்க வேண்டும். 1,500 பத்திகளுக்கு 32,000 பைட் என்றாலே 48 எம்பி. ஒரு கூடைக்கு 1 எம்பி கொடுத்தால் 1.5 ஜிபி. அதனால் ரூட் ஒரு சமரசம் செய்கிறது. சுமார் 30 எம்பி தரவு சேர்ந்ததும் எல்லாக் கூடைகளையும் ஒரே கொத்தாக வட்டில் இறக்கிவிடும். முதல் கொத்தைப் பார்த்து எந்தக் கிளை எவ்வளவு நிறைகிறது என்று தெரிந்துகொண்டு, கூடைகளின் அளவைத் தானே மாற்றிக்கொள்ளும்.

கூடை சிறிதாக இருப்பதன் வலி தெரிவது தூரத்திலிருந்து படிக்கும்போதுதான். கோப்பு ஜெனீவாவில், நிரல் வேறு கண்டத்தில் என்று வையுங்கள். போய்வர 100 மில்லிநொடி. கூடை அளவு மாறாமல் அப்படியே இருந்தால், எண்ணிக்கைப் பத்தியில் ஏறக்குறைய 7,700 கூடைகள், மற்ற ஐந்திலும் 15,000-க்கு மேல் வீதம். எல்லாம் சேர்ந்து 84,000. ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினால், காத்திருப்பு மட்டுமே 8,400 நொடி: இரண்டு மணி இருபது நிமிடம்! வலைப்பின்னல் எத்தனை அகலமாக இருந்தாலும் இந்த நேரம் குறையாது. ரூட்டில் டிட்ரீகேஷ் என்ற ஏற்பாடு இதற்காகவே வந்தது. முதல் நூறு மோதல்களைப் படிக்கும்போது நிரல் எந்தப் பத்திகளைத் தொடுகிறது என்று அது கவனிக்கும். அப்புறம் அந்தப் பத்திகளின் கூடைகளை மொத்தமாக, ஒரே கோரிக்கையில் வரவழைத்துவிடும். 30 எம்பி வீதம் என்றால் 2.1 ஜிபிக்கு 70 பயணம். காத்திருப்பு 7 நொடி. இரண்டு மணி இருபது நிமிடம் எங்கே, 7 நொடி எங்கே. ஒரு பைட்டும் குறையவில்லை, கேட்கும் விதம்தான் மாறியது.

நான் விழுந்த குழி

ரூட் பழகிய புதிதில், உந்தம், கோணங்கள், நிறை எல்லாவற்றையும் ஒரே கட்டமைப்பில் வைத்து, இலைகளின் பட்டியலைக் கொடுத்து ஒரே கிளையாக எழுதினேன். நிரல் சுருக்கமாக இருந்தது, சந்தோஷமாக இருந்தது. உந்தத்தின் வரைபடம் ஒன்றை மட்டும் வரையச் சொன்னபோது, எல்லாப் பத்தியையும் படிக்கும் நேரமே அதற்கும் ஆனது. காரணம் பிடிபட வெகுநாள் ஆயிற்று. ஒரு கிளையில் பல இலைகள் இருந்தால் அவை ஒரே கூடையில் மாறி மாறி விழும். பத்தி வாரியான கோப்பு வடிவத்துக்குள் வரிசை வாரியான அட்டவணையை நானே உருவாக்கியிருந்தேன். ஒவ்வொன்றையும் தனிக் கிளையாக்கியதும் சரியாயிற்று.

அறிவியல் தரவுக்குப் பயன்படும் ஹெச்டிஎஃப்5 போன்ற மற்ற வடிவங்களிலும் இதே குழி வேறு பெயரில் இருக்கிறது. ஹெச்டிஎஃப்5-இல் கூட்டு வகையாக ஒரு அட்டவணையை எழுதினால் அது வரிசை வாரியாகத்தான் உட்காரும். வடிவத்தின் பெயரை நம்பிப் பயனில்லை. நம் அட்டவணை அதற்குள் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று ஒரு தடவை திறந்து பார்த்துவிட வேண்டும்.

பத்தி வாரியே எப்போதும் சரி என்றும் சொல்ல மாட்டேன். உணர்கருவியின் மூலத் தரவிலிருந்து துகள்களின் தடங்களைக் கட்டி எழுப்பும் வேலைக்கு ஒரு மோதலின் எல்லா விவரமும் ஒன்றாகத் தேவை. அங்கே பத்திகளாகப் பிரிப்பதால் பெரிய லாபம் இல்லை.

65, 65, 65, 65, 64

டிட்ரீ 1990-களின் படைப்பு. அப்போது வட்டு சுழலும், கணினிச் செயலிக்கு ஒரே ஒரு கரு (கோர்). இன்று நிலைமை வேறு. போதாததற்கு, 2030-இல் தொடங்கவிருக்கும் உயர் ஒளிர்வு எல்எச்சி (அதிக மோதல்களைத் தர மேம்படுத்திய எல்எச்சி) தரவைப் பல மடங்கு பெருக்கப் போகிறது. அதற்காக ரூட் குழு ஆர்என்டியூப்பிள் என்ற புதிய வடிவத்தை எழுதியது. கோப்பு வடிவத்தின் முதல் நிலையான பதிப்பு 2024 நவம்பரில் ரூட் 6.34 உடன் வந்தது. அதில் எனக்கு மிகப் பிடித்த இரண்டு வேலைகளை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, மோதலுக்கு எத்தனை மியூவான் என்ற கணக்கு. டிட்ரீயில் உந்தம், ஈட்டா, ஃபை, நிறை, மின்னூட்டம் ஐந்தும் தனித்தனியே ‘எந்த மோதல் எங்கே தொடங்குகிறது’ என்ற பட்டியலைக் கூடைக்குக் கூடை சுமக்கின்றன. ஒரே தகவல் ஐந்து முறை. ஆர்என்டியூப்பிளில் அந்தப் பட்டியலை ஒரே பத்தியாக வைத்து ஐந்துக்கும் பொதுவாக்க முடியும். நம் முதல் நான்கு மோதல்களுக்கு அது 2, 4, 5, 9 என்று ஏறிக்கொண்டே போகும் எண்கள். ஏறிக்கொண்டே போகும் எண்கள் சரியாகச் சுருங்காது. அதனால் வட்டில் எழுதும்போது வித்தியாசத்தை மட்டும் எழுதுகிறார்கள்: 2, 2, 1, 4. சின்னச் சின்ன எண்கள், அவையும் திரும்பத் திரும்ப வருபவை.

இரண்டாவது, பைட்டுகளைப் பிரித்து அடுக்குவது. 4 பைட் தசம எண்ணில் குறியும் அடுக்கும் (எண் எவ்வளவு பெரிது என்று சொல்லும் பகுதி) மேலே இருக்கும், நுண்ணிய இலக்கங்கள் கீழே இருக்கும். முதல் நான்கு மோதல்களின் ஒன்பது உந்தங்களை எடுத்து, ஒவ்வொன்றின் மேல் பைட்டை மட்டும் எழுதிப் பாருங்கள்: 65, 65, 65, 65, 64, 65, 65, 65, 64. அவ்வளவுதான்! 8 முதல் 32-க்குள் எந்த எண்ணானாலும் மேல் பைட் 65. 2 முதல் 8-க்குள் என்றால் 64. மாறி மாறித் தெறிப்பதெல்லாம் கீழ் பைட்டுகள். எண்ணை முழுதாக அடுக்கினால் இந்த ஒழுங்கு நான்கு பைட்டுக்கு ஒரு முறைதான் தலைகாட்டும், சுருக்கும் நிரலின் கண்ணில் சரியாகப் படாது. எல்லா மேல் பைட்டுகளையும் ஒரு கட்டாக, அடுத்த பைட்டுகளை இன்னொரு கட்டாக என்று பிரித்து அடுக்கினால் முதல் கட்டு அப்படியே அமுங்கிவிடும். எந்தத் தகவலும் தொலையவில்லை, அடுக்கும் முறை மட்டும் மாறியிருக்கிறது.

ஆம்/இல்லை மதிப்புகளை ஒரு பைட்டுக்குப் பதில் ஒரு பிட்டில் வைப்பது, பைட் வரிசையை இன்றைய செயலிகளுக்கு ஏற்ப மாற்றியது, ஒவ்வொரு பக்கத்துக்கும் (கூடைக்கு நிகரான துண்டு) பிழையைக் கண்டுபிடிக்க ஒரு சரிபார்ப்புத் தொகை ஆகியவையும் உண்டு.

எத்தனை இலக்கம் உண்மை?

இனி வருவதுதான் கடினமான கேள்வி. இதைக் கணினிக்காரர் தனியாகத் தீர்மானிக்க முடியாது.

எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக அடுக்கினாலும் கீழ் பைட்டுகள் சுருங்க மறுக்கும். அவற்றில் ஒழுங்கே இல்லை. 10.763697 என்பதில் உணர்கருவி உண்மையில் அளந்தது எத்தனை இலக்கம்? இப்படிப்பட்ட மியூவானின் உந்தத்தை சிஎம்எஸ் நூற்றுக்கு ஓரிரண்டு பங்கு துல்லியத்தில் அளக்கிறது. அப்படியானால் 10.8-க்கு அப்பால் உள்ளவை கணக்கின் எச்சம். அந்த எச்சத்தைத்தான் நாம் காசு கொடுத்துச் சேமிக்கிறோம்.

அதனால் நானோஏஓடி கோப்புகளில் பல பத்திகளின் பின்ன பிட்டுகளை (எண்ணின் இலக்கங்களைத் தாங்கும் பிட்டுகளை) ஓரளவுக்குமேல் வெட்டிவிட்டு, மீதியைப் பூஜ்யமாக்கி எழுதுகிறார்கள். பூஜ்யம் நன்றாகச் சுருங்கும். வெட்டும் அளவு பத்திக்குப் பத்தி வேறு. கோணங்களுக்கு 23 பின்ன பிட்டுகளில் 12 வைக்கிறார்கள். ஃபை 2-க்கும் 3.14-க்கும் இடையில் இருந்தால், இது 0.0005 ரேடியன் படி. கீழே 11 பிட்டுகள் பூஜ்யம், அதாவது கடைசி பைட் முழுவதும் பூஜ்யம். மேலே சொன்ன பைட் பிரிப்போடு இது சேர்ந்தால் அந்தக் கட்டு முழுவதும் காணாமல் போய்விடும்.

ஆனால் வெட்டுவதில் பயமும் வேண்டும். ஜே-சை துகள் சிதைந்து வரும் இரண்டு மியூவான்கள் நெருக்கமாகப் பறக்கலாம். அவற்றின் மாறா நிறையை, அதாவது அவை பிறந்த துகளின் நிறையை, தீர்மானிப்பது கோணங்களின் வித்தியாசம். ஏறக்குறைய சமமான இரண்டு எண்களைக் கழிக்கும்போது, தனித்தனியே பார்த்தால் பொருட்படுத்தத் தேவையில்லாத பிழை, வித்தியாசத்தில் பெரிதாகிவிடும். கோணத்துக்கு 12-க்குப் பதில் 6 பிட் போதும் என்று யாராவது துணிந்தால் படி 0.03 ரேடியனாகும். கோப்பு இளைக்கும், ஜே-சை முகடு பரந்து சிதறும். வெட்டிய பிட்டைத் திரும்பக் கொண்டுவர வழி கிடையாது. ஆகவே இந்தத் தீர்மானம் உணர்கருவியைத் தெரிந்தவரும் கோப்பு வடிவத்தைத் தெரிந்தவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து எடுக்க வேண்டியது. சேமிப்பு என்ற தலைப்பில் எனக்கு உண்மையான அறிவியலாகத் தெரிவது இந்த இடம்தான்.

பழைய மரங்கள்

டிட்ரீயில் எழுதி வைத்த தரவு எக்ஸாபைட் கணக்கில் இருக்கிறது. அதையெல்லாம் புது வடிவத்துக்கு மாற்றி எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. ரூட் இரண்டையும் படிக்கும். ரூட்டின் ஆய்வுக் கருவியான ஆர்டேட்டாஃபிரேம் வழியாக எழுதிய ஆய்வு நிரல், அடியில் இருப்பது டிட்ரீயா ஆர்என்டியூப்பிளா என்று கவலைப்படாது. கோப்பின் முதல் நான்கு பைட்டில் ‘ரூட்’ என்ற சொல்லின் நான்கு ஆங்கில எழுத்துகள் இருக்கும். அதன் பிறகு, உள்ளே என்னென்ன வகைகள், எப்படி அடுக்கியிருக்கிறது என்ற வரையறையும் கோப்போடே வரும். எழுதிய நிரல் தொலைந்து போனாலும் பத்திகளின் பெயரையும் வகையையும் கோப்பிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

நான் அந்த 2012 கோப்பை இப்படித்தான் முதலில் திறந்தேன். விளக்கக் குறிப்பு எதுவும் படிக்கவில்லை. பத்திகளைக் காட்டு என்றேன். ஆறு பெயர்களும், சுருக்குவதற்கு முன் ஒவ்வொன்றின் அளவும் சுருக்கிய பின் அளவும், சுருக்க விகிதமும் திரையில் வந்தன.